தெரியாத கவிதையைத் தேர்வில் எப்படிப் படிப்பது?

கேள்வி கேட்டவர் ஒரு அம்மா. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் புத்தகத்தில் உள்ள செய்யுள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் புதிதாக ஒரு கவிதையைக் கொடுத்து "இதன் கருத்து என்ன, நயம் என்ன" என்று கேட்டால் இரண்டு வரியில் பேனா நின்றுவிடுகிறதாம். "கவிதைக்கு ஆளுக்கொரு அர்த்தம் என்கிறார்களே, அப்புறம் எதை வைத்து மார்க் போடுகிறார்கள்?" என்று மகள் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. நல்ல கேள்விதான். தமிழ் வகுப்பு எடுத்தும் விடைத்தாள் திருத்தியும் பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்களின் கடைசியில் ஒரு பாடலைக் கொடுத்து நான்கு கேள்வி கேட்பார்கள். எந்த நூல், யார் எழுதியது, எதுகைச் சொற்கள் எவை, இந்தச் சொல்லின் இலக்கணக் குறிப்பு என்ன, இப்படி. அது படித்த பாடலை நினைவில் வைத்திருக்கிறாளா என்று பார்ப்பது. உங்கள் மகளுக்கு அதில் பிரச்சினை இருக்காது. பிரச்சினை "பா நயம் பாராட்டுக" என்ற இடத்திலும், பள்ளித் தேர்வுகளில் வரும் படிக்காத கவிதைகளிலும்தான். அங்கே கைடு காப்பாற்றாது.

காப்பாற்றும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். "காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை", "மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை" என்று ஆரம்பித்து, மோனையின் இலக்கணம், எதுகையின் இலக்கணம், இரண்டு இரண்டு சொல், "கற்றோர்க்கும் மற்றோர்க்கும் களிப்பருளும் வகையில் கவிஞர் பாடியுள்ளார்" என்று முடிவுரை. இந்த அச்சில் எந்தக் கவிதையையும் போட்டு எடுக்கலாம். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் அதே நான்கு வரிதான். இதற்கு மார்க்கே வராது என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் வரும். ஆனால் இந்த அச்சு அவளைக் கவிதையைப் படிக்க விடுவதில்லை. தாளில் கவிதையைப் பார்த்ததும் கண் முதலெழுத்தையும் இரண்டாம் எழுத்தையும் தேடி ஓடுகிறது. மோனை, எதுகை கிடைத்துவிடுகிறது. "மையக்கருத்து" என்ற தலைப்புக்கு வரும்போது எழுத ஒன்றும் இல்லாமல் பேனா நிற்கிறது.

நான் வகுப்பில் சொல்வது இதுதான்: அணியைத் தேடாதே, முதலில் வினைமுற்றைத் (வாக்கியத்தை முடித்துவைக்கும் வினைச்சொல்லை) தேடு. கவிதையும் வாக்கியங்களால் ஆனதுதான். யார், என்ன செய்தார், யாரிடம் சொல்கிறார் என்பது பிடிபட்டால் முக்கால் வேலை முடிந்தது. ஒரு பழைய பாட்டை வைத்தே காட்டுகிறேன். புறநானூறு 112.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

வினைமுற்றுகளை மட்டும் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். உடையேம், கொளார், கொண்டார், இலம். நான்கே நான்கு. முதல் இரண்டு அன்றைக்கு உரியவை, பின் இரண்டு இன்றைக்கு உரியவை. அன்று அப்பா இருந்தார், எங்கள் மலையைப் பிறர் கொள்ளவில்லை. இன்று மலையைக் கொண்டுவிட்டார்கள், அப்பா இல்லை. பாட்டின் திரண்ட கருத்து இதிலேயே வந்துவிட்டது. சங்கப் பாட்டு என்றதும் பயந்த பிள்ளை, தனக்குத் தெரிந்த சொற்களை வைத்தே இவ்வளவு தூரம் வந்துவிடுவாள்.

அடுத்து, பேசுவது யார்? "எந்தை" என்பதால் பிள்ளைகள். "யாம்", "உடையேம்" என்பதால் ஒருவர் அல்லர். பெண்கள் என்பது பாட்டுக்குள் எங்கும் இல்லை. பறம்பு மலையை ஆண்ட பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடியது என்ற செய்தி பாட்டுக்கு வெளியே இருந்து நமக்குக் கிடைப்பது. இந்த வேறுபாடு தேர்வுக்கு முக்கியம். வினாத்தாளில் அந்தக் குறிப்பைக் கொடுத்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். கொடுக்கவில்லை, தெரியவும் இல்லை என்றால் "தந்தையை இழந்த பிள்ளைகள்" என்று எழுதினால் போதும், அது முழுச் சரி. தெரிந்த கதையை எல்லாம் கொட்டி, முல்லைக்குத் தேர் கொடுத்ததிலிருந்து ஆரம்பித்து அரைப்பக்கம் எழுதும் பிள்ளைகள் உண்டு. கேட்ட கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

இனி நயம். எது மாறியது, எது மாறவில்லை என்று கேளுங்கள். மலை போனது, அப்பா போனார். நிலா மட்டும் அப்படியே இருக்கிறது. முதல் அடியையும் மூன்றாம் அடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் "அற்றை", "இற்றை" ஆனது, "அவ்" என்பது "இவ்" ஆனது, அவ்வளவுதான் வித்தியாசம். மாறாத நிலவைக் காட்டி மாறிப்போன வாழ்வைச் சொல்கிறார்கள். இன்னொன்றும் உண்டு, இதைக் கவனிக்கும் மாணவர்கள் குறைவு. முன்பாதியில் முதலில் தந்தை, பிறகு குன்று. பின்பாதியில் முதலில் குன்று, பிறகு தந்தை. வரிசை தலைகீழாகிறது. அதனால் பாட்டு "எந்தையும் இலமே" என்று போய் நிற்கிறது. மலையை இழந்ததோடு முடிந்திருந்தால் அது நாட்டை இழந்தவர்களின் பாட்டாக மட்டும் இருந்திருக்கும். அழுதோம், வருந்தினோம் என்று ஒரு சொல்கூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் "அவலச் சுவை" என்ற தலைப்புக்கு நான்கு வரி கிடைத்துவிட்டது. கைடு அந்த இடத்தில் "இப்பாடலில் அவலச்சுவை அமைந்துள்ளது" என்பதோடு விட்டுவிடும்.

"வென்றெறி முரசின் வேந்தர்" என்ற தொடரையும் விடக்கூடாது. எறிதல் என்றால் இங்கே முரசை அடிப்பது, தூக்கிப் போடுவது அல்ல. "வேந்தர்" என்று மட்டும் சொன்னாலே பொருள் வந்துவிடும். அப்படியிருக்க ஏன் இந்த அடைமொழி? ஒரு சொல் இல்லாவிட்டாலும் வாக்கியம் நிற்கும் என்றால், அந்தச் சொல்லைக் கவிஞர் ஏன் வைத்தார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் நயம் உட்கார்ந்திருக்கும். மூவேந்தரும் பாரியை நேர்ப்போரில் வெல்ல முடியாமல் வஞ்சனையால் கொன்றார்கள் என்பதால், வெற்றி முரசு என்று சொல்வதே இகழ்ச்சிக் குறிப்பு என்கிறார் பழைய உரைகாரர். அந்த வரலாறு தெரியாத பிள்ளை, வென்றவர் பக்கம் முரசு ஒலிக்கிறது, இழந்தவர் பக்கம் நிலவு மட்டும் இருக்கிறது என்று எழுதினாலும் நல்ல விடைதான். பாட்டிலிருந்தே எடுத்த விடை அது.

பத்தாம் வகுப்பில் பா நயத்துக்குப் பழக்கமான பாரதியார் பாட்டு ஒன்றைப் பார்ப்போம்.

நிலாவையும் வானத்து மீனையும் காற்றையும் நேர்பட வைத்தாங்கே
குலாவும் அமுதக் குழம்பைக் குடித்தொரு கோல வெறிபடைத்தோம்;
உலாவும் மனச்சிறு புள்ளினை எங்கணும் ஓட்டி மகிழ்ந்திடுவோம்;
பலாவின் கனிச்சுளை வண்டியில் ஓர்வண்டு பாடுவதும் வியப்போ?

இதற்கு மையக்கருத்து எழுதச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் "இயற்கையின் அழகைக் கவிஞர் வருணிக்கிறார்" என்றுதான் எழுதுகிறார்கள். சரி, நிலா எப்படி இருக்கிறது என்று பாட்டில் ஓர் இடம் காட்டச் சொல்லுங்கள். வெள்ளையாகவா, குளிர்ச்சியாகவா, வட்டமாகவா? ஒன்றும் இல்லை. நிலாவுக்கு ஓர் அடைமொழிகூடக் கிடையாது. இது எப்படி வருணனை ஆகும்? வினைகளைப் பாருங்கள். வைத்து, குடித்து, வெறி படைத்தோம், ஓட்டி, மகிழ்ந்திடுவோம். எல்லாம் மனிதர் செய்பவை. நிலாவும் மீனும் காற்றும் சேர்ந்து குடிக்கும் பொருளாக, அமுதக் குழம்பாக ஆகிவிட்டன. குடித்தவர்களுக்கு அழகான ஒரு மயக்கம் வருகிறது (வெறி என்றால் இங்கே கோபவெறி அல்ல, களிப்பு). மனம் பறவையாகிப் பறக்கிறது. கடைசியில் ஒரு கேள்வி: வண்டி நிறையப் பலாச்சுளை இருக்கும்போது அதில் ஒரு வண்டு பாடினால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அந்தக் கடைசி அடியில்தான் பாட்டின் நோக்கம் வெளிப்படுகிறது. உலகம் முழுக்கத் தித்திப்பு, நடுவில் இருப்பவன் பாடாமல் என்ன செய்வான் என்கிறார். இயற்கையின் அழகைப் பற்றிய பாட்டு என்பதைவிட, இயற்கை மனத்துக்குள் போய்ப் பாட்டாக வெளியே வருவதைப் பற்றிய பாட்டு என்பதே பொருந்தும். இந்தப் பாட்டுக்கு "மனத்தை வாழ்த்துதல்" என்றும் ஒரு குறிப்பு உண்டு, அதுவும் இதற்கு ஒத்துப்போகிறது. மையக்கருத்தை இப்படி எழுதிவிட்டு, பிறகு நிலா, குலா, உலா, பலா என்ற எதுகைக்கு வரட்டும். எதுகைச் சொற்களை எடுத்து எழுதுவது ஒரு வேலை, அந்த "லா" நான்கு அடியிலும் திரும்பத் திரும்ப வந்து பாட்டுக்கு ஓர் ஊஞ்சல் ஓசை தருகிறது என்று சேர்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவதையும் எழுதினால்தான் அது பாராட்டு. "குலாவும், குழம்பை, குடித்து, கோல" என்று மோனை இரண்டாம் அடியில் அடுக்கிவருவதையும் எழுதலாம்.

அணி? "மனச்சிறு புள்" என்பதில் மனமே பறவை, உருவகம். அதில் சந்தேகம் இல்லை. கடைசி அடிக்கு என்ன பெயர் என்பதில்தான் ஆசிரியர்களே வாதாடலாம். "போல" என்ற உருபு இல்லாமல் ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைத்ததால் எடுத்துக்காட்டு உவமை எனலாம். "நாங்கள் பாடுகிறோம்" என்பதைச் சொல்லாமல் வண்டை மட்டும் சொன்னதால் பிறிது மொழிதல் எனலாம். என்னைக் கேட்டால் முதலாவதைத்தான் சொல்வேன், ஆனால் காரணத்தோடு இரண்டாவதை எழுதிய பிள்ளைக்கும் மார்க் குறைக்க மாட்டேன். காரணம் இல்லாமல் அணியின் பெயரை மட்டும் எழுதிய பிள்ளைக்குத்தான் யோசிப்பேன்.

அணி விஷயத்தில் இன்னொரு வழக்கமான சறுக்கல் தற்குறிப்பேற்றம். மரம், காற்று, கொடி ஏதாவது மனிதர்போல நடந்துகொண்டால் உடனே தற்குறிப்பேற்றம் என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது. இயல்பாக நடக்கிற ஒன்று முதலில் இருக்க வேண்டும். அதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்ற வேண்டும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைகின்றன. கொடி காற்றில் அசைவது இயல்பு. "வாரல்" என்று கைகாட்டித் தடுப்பதுபோல அசைந்தன என்பது இளங்கோவடிகள் ஏற்றிய குறிப்பு. இரண்டையும் தனித்தனியாகச் சுட்ட முடிந்தால் மட்டும் அந்தப் பெயரை எழுதட்டும்.

இதெல்லாம் மரபுப் பாட்டு. புதுக்கவிதையில் எதுகையும் இருக்காது, அணியும் வெளிப்படையாக இருக்காது. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். பிறர் கவிதையைக் கூறுபோடுவதற்குப் பதில் இந்தப் பதிலுக்காக நானே ஒன்று எழுதுகிறேன். கவிதையாகத் தேறுமா என்பது வேறு விஷயம், பயிற்சிக்கு ஆகும்.

வீடு விற்று முடித்த அன்று
அப்பா சாவியைக் கொடுத்தார்.
கொல்லைக் கிணற்றின் கயிற்றை மட்டும்
சுருட்டி எடுத்துக்கொண்டார்.
புது வீட்டில்
குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும்.

கேள்வி: அப்பா ஏன் கயிற்றை எடுத்துக்கொண்டார்?

வரக்கூடிய விடைகளைப் பார்ப்போம். "புது வீட்டில் பயன்படும் என்று எடுத்துக்கொண்டார்." கடைசி இரண்டு வரி இதை மறுக்கிறது. அங்கே குழாய் இருக்கிறது, கயிற்றுக்கு வேலை இல்லை. ஆக இது தவறு. கருத்து வேறுபாடு என்று இதை விடமுடியாது. "வறுமையால் வீட்டை விற்றதால் கயிறாவது மிஞ்சட்டும் என்று எடுத்தார்." வறுமை என்று எங்கே இருக்கிறது? வீட்டை வசதிக்காகவும் விற்கிறார்கள். இது நடந்திருக்கலாம், ஆனால் பாட்டு அதைச் சொல்லவில்லை. "பழைய வீட்டின் நினைவாக எடுத்துக்கொண்டார்." சரி. "மட்டும்" என்ற சொல் இதற்குச் சான்று. பயன் இல்லாத ஒன்றை, அதுவும் அதை மட்டும் எடுத்துப் போகிறார் என்றால் காரணம் பயன் அல்ல. "தன் கைக்குப் பழகிய உழைப்பை விட்டுவர மனமில்லை." இதுவும் சரி. கிணற்றுக் கயிறு தினமும் கையில் பிடித்து இழுப்பது. நிலைக்கதவோ ஜன்னலோ அப்படி அல்ல.

பார்த்தீர்களா, நான்கு விடையில் ஒன்று தவறு, ஒன்றுக்குச் சான்று இல்லை, இரண்டு சரி. "ஆளுக்கொரு அர்த்தம்" என்பதற்கு உங்கள் மகளிடம் சொல்லவேண்டிய பதில் இதுதான். சரியான விடை ஒன்றுக்கு மேல் இருக்கலாம், ஆனால் எல்லா விடையும் சரி ஆகாது. பாட்டில் விரலை வைத்து "இந்தச் சொல்லால்" என்று காட்ட முடிகிற விடை நிற்கும். பாட்டின் வேறொரு வரி மறுக்கிற விடை விழும்.

இன்னொரு கேள்வி: கடைசி வரி மகிழ்ச்சியா, வருத்தமா? இரண்டு பக்கமும் பேசலாம். வசதி வந்துவிட்டது என்ற செய்திதான் அது, வருத்தச் சொல் எதுவும் இல்லை. ஆனால் அது கயிற்றுக்கு அடுத்து வருவதால், சுருட்டிய கயிறு இனி விரியப்போவதில்லை என்பதும் காதில் விழுகிறது. மாணவி ஏதாவது ஒரு பக்கம் நின்று, எந்த வரி எதற்கு அடுத்து வருகிறது என்பதைச் சான்றாகக் காட்டட்டும். "மகிழ்ச்சியும் உண்டு வருத்தமும் உண்டு" என்று பாதுகாப்பாக எழுதி நகர்ந்துவிடுவதை நான் ரசிப்பதில்லை. ஏன் இரண்டும் என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

"இக்கவிதை உணர்த்தும் நீதி யாது?" என்றும் கேட்பார்கள். இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது, ஆனால் வருகிறது. "பழமையை மறக்கக் கூடாது" என்று எழுதுவாள். இந்தப் பாட்டில் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் "நீதி" என்ற சொல்லுக்குக் கட்டுப்படாமல், "பொருளின் மதிப்பு அதன் பயனில் மட்டும் இல்லை என்பதை இக்கவிதை காட்டுகிறது" என்று எழுதலாம். திருத்துபவர் ஏற்றுக்கொள்வார்.

திருத்துவது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். நூல் பெயர், எதுகை போன்றவற்றுக்கு விடைக்குறிப்பில் ஒரே விடை. நயத்துக்கு அப்படி இல்லை. என்னென்ன தலைப்புகள் இருக்க வேண்டும் என்று இருக்கும், பொருத்தமாக எழுதியிருந்தால் மதிப்பெண் வழங்கலாம் என்ற இடமும் இருக்கும். அதனால் வேறு மாதிரி எழுதினால் மார்க் போய்விடும் என்று அவள் பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. திருத்துபவர் முன்னால் கட்டுக் கட்டாகத் தாள் இருக்கிறது, ஒரு பத்தியை இரண்டு முறை படிக்க அவருக்கு நேரம் இல்லை. முதல் வாக்கியத்திலேயே விஷயம் வந்துவிட வேண்டும். பாட்டிலிருந்து எடுக்கும் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும், அடிக்கோடு இட்டால் இன்னும் நல்லது. மையக்கருத்து, எதுகை, மோனை, அணி, சுவை என்ற துணைத்தலைப்புகள் இருக்கட்டும். அச்சைக் கிண்டல் செய்தேனே தவிர, தலைப்புகளை விடச் சொல்லவில்லை. உள்ளே போடுவது இந்தப் பாட்டுக்கே உரியதாக இருந்தால் போதும். பாட்டில் இயைபு (அடிகளின் இறுதி ஒன்றி வருவது) இல்லையா, இயைபு என்ற தலைப்பே வேண்டாம். இல்லாததை இருப்பதாக எழுதினால் சந்தேகம் வந்து மற்றதையும் உற்றுப் பார்ப்பார்கள்.

மையக்கருத்துக்கும் திரண்ட கருத்துக்கும் ஒரே பத்தியை இரண்டு முறை எழுதுவது இன்னொரு பழக்கம். திரண்ட கருத்து என்பது பாட்டில் நடப்பதை வரிசையாக, சொந்த உரைநடையில் சொல்வது. மையக்கருத்து என்பது பாட்டு எதைப் பற்றியது என்று ஓரிரு வரியில் சொல்வது. முதலில் திரண்ட கருத்தை எழுதிப் பார்த்தால்தான் மையக்கருத்து பிடிபடும், விடைத்தாளில் வரிசை எப்படி இருந்தாலும் சரி. தலைப்பு இடச் சொன்னால் "இயற்கை", "அன்பு", "வாழ்க்கை" மாதிரி எதற்கும் பொருந்துகிற பெயரைத் தவிர்க்கட்டும். என் கவிதைக்குக் "கிணற்றுக் கயிறு" என்று வைத்தாலே போதும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குத் தமிழ்ப் புலமை வேண்டாம். வாரத்துக்கு இரண்டு சின்னக் கவிதை எடுங்கள். அவளை வாய்விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். சீர் பிரித்து அச்சிட்ட பாட்டு கண்ணுக்குப் புரியாது, காதுக்குப் புரிந்துவிடும். பிறகு நீங்கள் கேட்கவேண்டியது மூன்றே கேள்வி: யார் பேசுவது, என்ன நடந்தது, எந்தச் சொல் இல்லாவிட்டாலும் பொருள் வந்திருக்கும்? அவள் எதைச் சொன்னாலும் "எங்கே இருக்கிறது, காட்டு" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அம்மா சொன்ன விளக்கத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுவாள், அவளுக்கு அது நன்றாக வரும் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

கைடைத் தூக்கிப் போட வேண்டாம். இலக்கணக் குறிப்புக்கும் பகுபத உறுப்பிலக்கணத்துக்கும் அது வேண்டும். மனப்பாடப் பாடல் கேள்விக்கு மட்டும் மேலே சொன்ன எதுவும் உதவாது. அடி பிறழாமல், ஒற்று விடாமல் எழுதிப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.